இடைவேளை வரைக்கும் பார்த்த படம்

எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது, ஹட்டன் தியேட்டரில் ஒரு பறக்கும் மனிதனின் கதையை இடைவேளை வரைக்கும் பார்த்தேன். மிச்சப் பாதியைப் பார்க்கப் பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்தப் படம் நல்ல படமா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் உடனே பதில் சொல்ல வராது. எந்த வயதில் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கத் தோன்றும்.

அன்று நாங்கள் படம் பார்க்கப் போகவில்லை. எனக்குக் கண்ணாடி வாங்கப் போனோம். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதுவது தெரியாமல், பக்கத்தில் இருந்தவளின் கொப்பியைப் பார்த்தே ஒரு வருடத்தை ஓட்டியிருந்தேன். கண்ணைப் பரிசோதித்துவிட்டுச் சில வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலை. அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார். ஆகவே என்னைக் கூட்டிப்போகிற பொறுப்பு அண்ணனுக்கு வந்தது. அவன் அப்போது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான்.

"கண்ணாடிய வாங்குனதும் நேரா பஸ் ஏறிறணும். டவுன்ல சுத்திக்கிட்டு நிக்காதீங்க" என்று அம்மா சொல்லித்தான் அனுப்பினார்.

நாங்கள் இருந்தது டயகம பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்து வரிசை வீட்டில். அங்கிருந்து ஹட்டன் போய்ச் சேருவதற்குள் பஸ் வளைவுகளில் வயிறு ஒரு சுற்றுச் சுற்றிவிடும். ஆனால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைக்கு வெளியே வந்து நின்றதும் அதெல்லாம் மறந்துபோனது. எதிர்க் கட்டடத்தின் தகரக் கூரையில் ஆணிகள் வரிசையாகத் தெரிந்தன. கம்பியில் உட்கார்ந்திருந்த காகத்துக்கு அலகு இருந்தது. தூரத்து மலையில் அதுவரைக்கும் வெறும் பச்சையாகத் தெரிந்தது, ஒவ்வொரு செடியாகப் பிரிந்து நின்றது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னா தெரியுது?" என்றான் அண்ணன்.

"எல்லாம் தெரியுதுண்ணே."

"எல்லாம்னா? எங்க, அந்த போர்ட வாசி பாப்போம்."

அவன் காட்டியது தியேட்டர் வாசலில் கட்டியிருந்த பெரிய படத்தை. நீல உடுப்பில் ஒருவன் கட்டடங்களுக்கு மேலே பறந்துகொண்டிருந்தான். கீழே எழுதியிருந்த பெயர், நேரம், 'தமிழில்' என்ற வார்த்தை எல்லாவற்றையும் கடகடவென்று வாசித்தேன்.

"சரியாத்தான் வாசிக்கிற. ஆனா பக்கத்துல தெரியுதான்னு பாக்கணும், இருட்டுல தெரியுதான்னும் பாக்கணும். அதுக்கு உள்ள போகணும்" என்றான். முகத்தை டாக்டர் மாதிரி வைத்துக்கொண்டு சொன்னான். இரண்டு பேரும் ஓடிப்போய் டிக்கெட் வாங்கினோம்.

கரண்ட் போனதால் படம் தாமதமாகத்தான் தொடங்கியது. ஏதோ வெளிநாட்டுப் பெரிய நகரம். அங்கே ஓர் இளைஞன் உயரமான கட்டடங்களின் வெளிக் கண்ணாடியைக் கழுவுகிற வேலை செய்கிறான். கயிற்றில் தொங்கிக்கொண்டே பாட்டுப் பாடுவான். அவனும் அவன் தங்கையும் மட்டும்தான் வீட்டில். ஒரு நாள் மின்னல் வெட்டிக் கயிறு அறுந்து விழுகிறான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "தொற, தொற, கண்ணாடி எதுக்கு வாங்குனோம்?" என்று அண்ணன் இடித்தான். திறந்தபோது அந்த இளைஞன் தரைக்கு ஒரு முழம் மேலே, குப்புறப் படுத்தபடி, காற்றில் மிதந்துகொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு இடைவேளை வரைக்கும் அவன் பறக்கப் பழகுவதுதான் கதை. அந்த மாதிரிச் சந்தோஷத்தை நான் அதற்கு முன் திரையில் பார்த்ததில்லை. மேலே போக மட்டும் தெரிகிறது, இறங்கத் தெரியவில்லை. ஆகவே மொட்டைமாடியில் தங்கை அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். காற்றடித்தால் அவன் பட்டம் மாதிரி அந்தப் பக்கம் போவான். அவள் இழுத்து இந்தப் பக்கம் கொண்டுவருவாள். ஒரு முறை அடுத்த வீட்டுத் துணிக்கொடியில் மாட்டிக்கொண்டு, யாருடைய காற்சட்டையோ தலையில் தொங்க இறங்கினான். தியேட்டரே சிரித்தது. அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் சுத்தமான சென்னைத் தமிழ் பேசினார்கள். அதுவும் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. கடைசியில் ஒரு நாள் அவள் கயிற்றை மெதுவாக விட்டுவிடுகிறாள். அவன் விழாமல் நகரத்துக்கு மேலே ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வருகிறான். அவள் கைதட்டிக் குதிக்கிறாள். இடைவேளை.

விளக்குப் போட்டதும் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தான். எங்கள் பக்கத்துக்குக் கடைசி பஸ் புறப்படுகிற நேரம்.

"தங்கச்சி, ஓடு!"

ஓடினோம். பஸ் நகரத் தொடங்கியிருந்தது. கண்டக்டர் அண்ணனின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டு, "இஸ்ஸரஹட்ட யன்ட, இஸ்ஸரஹட்ட" என்று சிங்களத்தில் சொல்லி எங்களை முன்னால் தள்ளினார். கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

"இனிமே என்னா ஆகும்ணே? அவன் என்னா செய்வான்?"

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தான். பிறகு, கண்ணால் பார்த்தவன் மாதிரி சொல்லத் தொடங்கினான். படத்தின் நடுவே ஒரு பணக்காரன் இரண்டு முறை முறைத்துவிட்டுப் போயிருந்தான். அவன்தான் வில்லன். பறக்கிறவனைப் பிடித்துத் தன் கம்பெனி விளம்பரத்துக்குக் கட்டடத்தின் மேல் தொங்கவிடப் பார்க்கிறான். நகரத்தில் பெரிய மழை. மண் சரிகிறது. பாலம் போகிறது. அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட சனங்களை ஒவ்வொருவராக முதுகில் சுமந்து இந்தப் பக்கம் கொண்டுவருகிறான்.

"நகரத்துல எப்பிடிண்ணே மண்ணு சரியும்?"

"நகரத்துக்குப் பின்னால ஒரு மல இருக்கு. நீ கவனிக்கல."

பக்கத்து இருக்கையில் லீக்ஸ் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா இருந்தார். லிந்துலை தாண்டும்போது அவர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். "அந்தத் தங்கச்சிப் புள்ள என்னா ஆனிச்சு தம்பி?" என்று கேட்டார்.

அண்ணன் அவருக்கும் சேர்த்துச் சொன்னான். வில்லன் ஹெலிகொப்டரில் தப்பிக்கப் பார்க்கிறான். தங்கை அதே கயிற்றை எறிந்து ஹெலிகொப்டரின் காலில் சுருக்குப் போட்டு, மறுமுனையைத் தண்ணீர்த் தொட்டியில் கட்டிவிடுகிறாள். ஹெலிகொப்டர் மாடு கட்டின மாதிரி வட்டமடிக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு அண்ணன்காரன் தங்கையை முதுகில் ஏற்றிக்கொண்டு கடல் வரைக்கும் பறந்து போகிறான். அவள் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"நல்ல படம்" என்றார் அந்த அம்மா. அக்கரப்பத்தனையில் இறங்கும்போது, எந்தத் தியேட்டர் என்று கேட்டுக்கொண்டு போனார்.

நாங்கள் வீட்டுக்குப் போனபோது இருட்டிக்கொண்டு வந்தது. அம்மா இஸ்தோப்பில், அதாவது லயத்து வாசல் வராந்தாவில், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். ஏச வாயைத் திறந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"அடியே, டீச்சரம்மா மாதிரி இருக்கியேடி!"

அப்படியே தப்பித்தோம்.

அந்தப் படம் எங்கள் லயத்தில் வெகு நாள் ஓடியது. மழைக்காலத்தில் பிள்ளைகள் எல்லாம் எங்கள் இஸ்தோப்பில் வந்து குந்திக்கொள்வார்கள். முதல் பாதியை நான் சொல்வேன். இரண்டாம் பாதி அண்ணனுடையது. ஒவ்வொரு முறையும் அவன் கொஞ்சம் கூட்டிச் சொல்வான். ஒரு முறை ஹெலிகொப்டர் இரண்டாக இருந்தது. என் மனதில் எது திரையில் பார்த்தது, எது பஸ்ஸில் கேட்டது என்பதே அழிந்துபோனது. தங்கை கடலைப் பார்க்கிற காட்சியில் அவள் போட்டிருந்த மஞ்சள் கவுன் கூட எனக்கு ஞாபகம் இருந்தது. உலகத்திலேயே சிறந்த படம் எது என்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி ஹட்டனுக்கு வந்தேன். அங்கே ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை. என் வீட்டுக்காரர் பேக்கரியில் இருக்கிறார். அண்ணன் கட்டாருக்குப் போய் ஒரு பெரிய குடோனில் சாமான் தூக்குகிற வண்டி ஓட்டினான். கல்யாணமான முதல் வருடத்தில், பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளில், டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். நான் கத்திய கத்தலில் அவர் கையிலிருந்த தேத்தண்ணியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

"இந்தப் படத்தத்தாங்க நான் சொன்னேன்! ஒக்காருங்க, ஒக்காருங்க!"

முதல் பாதி ஓடும்போது ஒவ்வொரு காட்சிக்கும் முன்னாலேயே நான் சொல்லிக்கொண்டு வந்தேன். துணிக்கொடிக் காட்சியில் அவரும் விழுந்து சிரித்தார். விளம்பரம் முடிந்து இரண்டாம் பாதி தொடங்கியது. மழையைக் காணோம். பாலமும் இல்லை. பறக்கிறவனுக்கு யாரோ ஒரு விஞ்ஞானி இரும்பு உடுப்புச் செய்து கொடுத்தார். பணக்காரனும் இன்னொரு இரும்பு உடுப்புப் போட்டுக்கொண்டான். இரண்டு பேரும் கட்டடம் கட்டடமாக உடைத்தார்கள். தங்கையை வில்லனின் ஆட்கள் ஒரு நாற்காலியில் கட்டிவைத்திருந்தார்கள். அவள் செய்ததெல்லாம் கத்தியது ஒன்றுதான்.

"கயித்த எடு! கயித்த எடுத்து எறி!" என்று நான் டிவியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எந்தக் கயிறு? அவளையேதான் கயித்தால கட்டியிருக்காங்களே" என்றார் அவர், பாவம்.

கோபத்தில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அங்கே வரைக்கும் கட்டடம் இடிகிற சத்தம் கேட்டது. படம் முடிந்ததும் அவர் வந்து, "படம் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார்.

"இது வேற படம்" என்றேன். "எங்க படம் இது இல்ல."

அன்றிலிருந்து அது எனக்கு மோசமான படமாகிவிட்டது. முதல் பாதியைக் கூடச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். ஒருவேளை புதுக் கண்ணாடியின் மகிமையோ? அன்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வெறும் சுவரைப் பார்த்திருந்தாலும் அழகாகத்தான் இருந்திருக்கும். அண்ணன் போனில் பேசும்போது இதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அவனும் என்னைப் போலத்தானே, இடைவேளையோடு எழுந்து வந்தவன். அவனுடைய படம் அவனிடமே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இந்த வருடம் அண்ணன் லீவில் வந்தான். நான், வீட்டுக்காரர், எங்கள் மகள் மூன்று பேரும் தோட்டத்துக்குப் போனோம். அப்பா கொழும்பு வேலையை விட்டு வந்து, லயத்துக்குப் பின்னால் கரட்டும் லீக்ஸும் போடுகிறார். அம்மா இன்னும் கொழுந்துக்குப் போகிறார். அன்று சனிக்கிழமை, அவர் மலையில் இருந்தார். அண்ணன் கொண்டுவந்த பெரிய டிவி முன்னறையான காம்பராவின் பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. மத்தியானம் மழை பிடித்தது.

"படம் பாப்பமா?" என்றான் அண்ணன். ஒரு சின்னப் பென்டிரைவை எடுத்துச் செருகினான். திரையில் கட்டடத்தின் கண்ணாடியைக் கழுவிக்கொண்டு ஒருவன் பாடினான்.

எனக்குத் திக்கென்றது. "வேணாம்ணே. வேற எதாச்சும் போடு."

"ஏன், ஒனக்கு ரொம்பப் புடிச்ச படமாச்சே?"

என் வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அவளுக்கு ரெண்டாவது பாதி புடிக்காது மச்சான். டிவியில போட்டப்ப வெங்காயம் நறுக்கப் போயிட்டா."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப நீ பாத்துட்டியா?"

"பாத்துட்டேன். நீ பாக்காத. நீ சொன்ன மாதிரி ஒண்ணுமே இல்ல."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஏ லூசு, நான் அடுத்த வாரமே டியூசனுக்குப் போறேன்னுட்டுப் போயி முழுசாப் பாத்துட்டேன்."

"அடுத்த வாரமேவா? அப்ப எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்றதுக்குத்தான் ஓடி வந்தேன். நீ இஸ்தோப்புல ஏழெட்டுப் புள்ளைங்கள ஒக்கார வச்சுக்கிட்டு ஹெலிகொப்டர் கதையச் சொல்லிக்கிட்டு இருந்த. எல்லாம் வாயப் பொளந்து கேட்டுக்கிட்டு இருக்குதுங்க. அதப் பாத்ததும், எதுக்கு இதக் கெடுக்கணும்னு விட்டுட்டேன். அதுவுமில்லாம, என்னோடதுதான் நல்லாயிருந்துச்சு."

நிஜம் தெரிந்துகொண்டே அத்தனை மழைக்காலமும் ஒவ்வொரு முறையும் கதையைக் கூட்டிக் கூட்டிச் சொல்லியிருக்கிறான்! எனக்குக் கோபம் வர வேண்டும் போலிருந்தது. வரவில்லை. நானும் சிரித்துவிட்டேன். என் மகள் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆனா தங்கச்சி, நீ கடைசியப் பாக்கலன்னு நெனைக்கிறேன்" என்றான் அண்ணன். "வெங்காயத்துக்குப் போயிட்டல்ல? ஒக்காரு."

உட்கார்ந்தேன். மோசமான படம் என்று முடிவு கட்டிவிட்டுப் பார்த்தும், முதல் பாதி என்னை விடவில்லை. கண்ணாடியின் மகிமை இல்லை. அது நிஜமாகவே நல்ல முதல் பாதி. சின்ன வயதில் பறக்கிறவனையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது தங்கையின் முகம் தெரிந்தது. அண்ணன் மேலே போகப் போக அவளுடைய வாய் தானாகத் திறக்கிறது. கயிறு உரசி எரிகிற கையை வாயால் ஊதிக்கொள்கிறாள். ஊதிவிட்டு மறுபடி பிடிக்கிறாள். கயிற்றை விடுகிற இடத்தில் முழுவதுமாக விடவில்லை. விரல்கள் கொஞ்ச நேரம் காற்றைப் பிடித்துக்கொண்டே நிற்கின்றன. அந்தப் பெண் நன்றாக நடித்திருக்கிறாள்.

இடைவேளைக்குக் கொஞ்சம் பிறகு அம்மா மலையிலிருந்து நனைந்துகொண்டு வந்தார். தலையைத் துவட்டிக்கொண்டு, "யாரு இவன், இரும்புச் சட்டி மாதிரி எதையோ மாட்டிக்கிட்டு?" என்று கேட்டபடி உட்கார்ந்தார். சண்டை தொடங்கியது. அந்தச் சண்டையைப் பற்றிய என் அபிப்பிராயத்தில் மாற்றம் இல்லை. பாதிக்கு மேல் வெட்டி எறியலாம். ஆனால் அம்மாவோடு பார்த்தபோது அது வேறாக இருந்தது.

"இத்தன கண்ணாடியையும் யாரு கூட்டி அள்ளுறது?" என்றார். அடுத்த கட்டடம் விழுந்ததும், "உள்ள ஆளுக இருப்பாங்கல்ல? யாருமே எட்டிப் பாக்க மாட்டேங்குறாங்களே" என்றார். வில்லன் அடி வாங்கும்போது, "போதும்டா, விட்டுருடா, நொந்துபோயிட்டான்" என்றார். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் உருண்டான். அப்பா இந்தச் சத்தத்திலும் சுவரில் சாய்ந்து நன்றாகத் தூங்கினார்.

கடைசிக் காட்சி வந்தது. நான் அன்று சமையலறையில் நின்றதால் தவறவிட்ட காட்சி. சண்டை முடிந்து, தங்கையை யாரோ பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பறக்கிறவனின் இரும்பு உடுப்பு நொறுங்கிக் கிடக்கிறது. அவன் மேலே எழும்பப் பார்க்கிறான், முடியவில்லை. அவ்வளவு களைப்பு. காற்சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு பஸ்ஸில் ஏறுகிறான். முகமெல்லாம் கரி. பஸ்ஸில் யாருக்கும் அவனைத் தெரியவில்லை. ஜன்னலோரம் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுகிறான். மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறி வந்து கதவைத் தட்டுகிறான். தங்கை திறந்து, மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாப்டியா?" என்கிறாள். அவன் இல்லை என்று தலையாட்டுகிறான். இரண்டு பேரும் அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டே, ஒரே சட்டியிலிருந்து சாப்பிடுகிறார்கள். பின்னணியில் இசை கூட இல்லை. கரண்டிச் சத்தம் மட்டும்.

இவ்வளவு நல்ல காட்சியை எடுக்கத் தெரிந்தவர்கள் எதற்காக அத்தனை நேரம் கட்டடம் உடைத்தார்கள் என்று எனக்கு இருந்தது.

"அப்பாடா" என்றார் அம்மா. "வீடு வந்து சேந்துட்டான்."

அண்ணன் என்னைப் பார்த்தான். "எப்பிடி?"

"நீ சொன்ன கடல் நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். "ஆனா இது அதவிட நல்லாயிருக்குண்ணே."

"எனக்கும் அப்பவே அப்பிடித்தான் இருந்துச்சு" என்று மெதுவாக ஒப்புக்கொண்டான். "சொன்னா என் கதை அடிபட்டுப் போயிரும்."

என் மகள் அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டு, அந்த மாமா முதலில் எப்படிப் பறந்தார், கயிற்றை யார் பிடித்தார், துணிக்கொடியில் எப்படி மாட்டினார் என்று தன் பாட்டில் சொல்லத் தொடங்கினாள். அம்மாவுக்கு ஆச்சரியம்.

"இந்தப் புள்ளையா கயித்தப் புடிச்சுச்சு? நாற்காலியில கட்டிக் கெடந்த புள்ளயா? எனக்கு ஏன்டா அதெல்லாம் காட்டல?"

"நீங்க மலையில இருந்தீங்கம்மா" என்றான் அண்ணன்.

"இப்ப இங்கதானே இருக்கேன்? மொதல்ல இருந்து போடு."

அண்ணன் எழுந்து டிவிப் பக்கம் போனான். என் வீட்டுக்காரர் தேத்தண்ணி ஊற்றப் போனார். அம்மா ஈர உடுப்பை மாற்றிக்கொண்டு வந்து, தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை எழுப்பிக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லி, டிவிக்கு நேர் எதிரே வசதியாகக் காலை நீட்டி உட்கார்ந்தார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தேன்.